பிலோமினா டீச்சரின் நூறு மீட்டர்

செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் படிவ வகுப்புக்குள் நுழையப்போகும் நேரத்தில் அந்தோணி அழைத்தார். "பிலோ போயிட்டா, டீச்சர்" என்றார். மனைவியைப் பற்றி அதற்குமேல் சொல்ல அவரால் முடியவில்லை. நான் வகுப்புக்குப் போகாமல் புத்தக அறையில் உட்கார்ந்து அழுதேன்.

கோல சிலாங்கூரில் எங்களிடம் புவியியல் படித்தவர்களுக்குப் பிலோமினா டீச்சரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பதினாறு ஆண்டுகள் ஒரே பள்ளியில் இருந்தோம். நான் பாடத்தை நடத்துவேன். அவர் பிள்ளைகளை வெயிலில் நடத்துவார். களப்பணி என்றால் முதலில் திடலில் நூறு மீட்டர் நாடாவை விரித்து, எல்லாரையும் அதன் ஓரமாக நடக்க வைப்பார். யாருக்கு எத்தனை காலடி என்று தெரிந்துவிட்டால், பிறகு நாடா இல்லாமலே எந்த இடத்தையும் நடந்து அளந்து வரைபடம் போடலாம்.

பாசிர் பெனம்பாங் மீனவக் கிராமத்தை அப்படித்தான் அளந்தோம். நிலத்தைப் பிடுங்க வந்துவிட்டோம் என்று நினைத்து மீன் கடைக்காரர் ஒருவர் வழிமறித்தார். பிலோமினா வாதாடவில்லை. கடைக்காரர் பக்கத்தில் குந்தி, பாதி வரைந்த படத்தைக் காட்டி, உங்கள் கடை சரியான இடத்தில் இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். அந்த மனிதர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மதியம்வரை எங்களோடு சுற்றினார்.

ஒருமுறை என் மாணவி, கணக்கு ஒத்துவராததால் எண்ணை அழித்துவிட்டு வேறொன்றை எழுதியிருந்தாள். "அழிக்காத லா. எண்ணு ஒத்துவரலன்னா ஏதோ காரணம் இருக்கு. போய்ப் பாரு" என்றார் பிலோமினா. போய்ப் பார்த்தால் குறுக்கே ஒரு வாய்க்கால்; அவள் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

மூன்று மாதங்களுக்கு முன் சபாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனோம். தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தை வரைபடமாக்குவதாகத் திட்டம். வழக்கம்போல் நாடாவை விரித்து நடந்தோம். பிலோமினாவுக்கு எப்போதும் நூற்று நாற்பது காலடி. அன்று நூற்று எழுபத்திரண்டு வந்தது. பேசிக்கொண்டே எண்ணினால் இப்படித்தான் என்று கேலி செய்தேன். மறுபடி நடந்தார். அதே எண். என்னைப் பார்த்து, "நாடா சரியாத்தான் இருக்கு, பானு" என்றார். பேருந்துக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். டீச்சருக்குப் பழைய எண்ணையே போட்டுக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்துவிட்டேன். அடுத்த வாரமே அவர் விடுப்பில் போனார். முதுகுவலி என்றார்; நம்பினேன்.

அடக்கம் முடிந்தபின் அந்தோணி சொன்னார். தோட்டத்துக்குப் போனதற்கு முந்தின நாள்தான் மருத்துவர்கள் நோய் முற்றிவிட்டதென்று கைவிரித்தார்களாம். வாய்விட்டுச் சொல்லப் பிலோமினாவுக்கு மனம் வரவில்லையாம். "உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு இருந்தா, டீச்சர். நீங்களே என்னன்னு கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தாளாம்."

பக்கத்திலேயே இருந்தேன், கேட்கவில்லை. எத்தனை பேர் ஆறுதல் சொன்னாலும் இது எனக்கு ஆறப்போவதில்லை.

அவருடைய குறிப்பேடுகளை அந்தோணி என்னிடமே கொடுத்துவிட்டார். திறக்க இன்னும் துணிவு வரவில்லை. இப்போதைக்கு அவரிடமிருந்து என்னோடு இருப்பது ஒரு பழக்கம்தான். யாருடைய கணக்கு தப்பினாலும் முதலில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறேன். நேற்று திடலில் ஒரு பிள்ளைக்கு எண் கூடிப்போனது. "ஏம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன். புதுச் சப்பாத்து கடிக்கிறது என்றாள். கேட்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. பிலோமினாவிடம் மட்டும் எனக்கு வாய் வரவில்லையே.