சிவனாண்டி பேருல இருந்த பியட்

எங்க வீட்டுக்காரவுக சிவனாண்டி முப்பத்தோரு வருசம் அடுத்தவன் காரத்தான் ஓட்டுனாக. மாட்டுங்காவுல சந்திரமௌலி சார்கிட்ட மட்டுமே பத்தொம்பது வருசம். சார் பெங்களூருக்கு மகன் வீட்டோட போகும்போது, "சிவனாண்டி, நீயே வச்சுக்கோ"ன்னு பழைய பியட் கார எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. தாராவியில நாங்க இருக்கிற வீடு கொழுந்தன் பேருல. கரண்ட் பில்லு இன்னும் செத்துப்போன மாமனார் பேருல வருது. வண்டியோட ஆர்சி கார்டுல மட்டுந்தான் உரிமையாளர் சிவனாண்டின்னு இருந்துச்சு. சொந்தக்காரங்க யாரு வந்தாலும் டீக்கு முந்தி அதத்தான் எடுத்துக் காட்டுவாக. "போதும், உள்ள வையுங்க, எழுத்து தேஞ்சிரப் போவுது"ன்னு நான் சிரிப்பேன்.

நான் முறுக்கு சுடுவேன். அவுக டின்ன ஏத்திக்கிட்டு செம்பூரு, பாண்டுப்னு கடை கடையாப் போட்டுட்டு வருவாக. எங்க பொழப்பு அதுதான்.

போன வருசம் ஆயுத பூசைக்கு அவுக பானட்டத் தொறந்து, காத்து பில்டர் மூடியக் கழத்தி தூசி தட்டிக்கிட்டு இருந்தாக. நான் தாம்பாளத்தோட போயி ஸ்டீரிங்குக்கு, டயருக்கு, பேட்டரிக்குன்னு சந்தனம் குங்குமம் வச்சேன். "இது என்ன ஓட்டை?"ன்னு கேட்டேன். "அதாம்ட்டி கார்பரேட்டர் வாய். வண்டி அது வழியாத்தான் மூச்சு விடும்"னாக. மூச்சுன்னா அதுக்குத்தான மொதல்ல பூசணும்? சந்தனத்தக் குழைச்சு, திருநீறும் சேத்து, வாயச் சுத்தி நல்லாப் பட்டையாப் போட்டேன். அவுகளும் கையெடுத்துக் கும்பிட்டாக.

நாலே நாள்ல வண்டி மொரண்டு பிடிச்சுது. ஓடும்போது ஒரு கொறையும் இல்ல. ஆக்சிலேட்டர்ல இருந்து காலத் தூக்குனாப் போதும், பொசுக்குன்னு நின்னுரும். சயான் சிக்னல்ல பின்னாடி நிக்கிறவன் ஹாரன அமுக்கிக்கிட்டே, "அரே சாச்சா, பங்கார்ல போடு"ம்பான். பழைய இரும்புக் கடைக்கு இங்க அதுதான் பேரு. அவுக மூஞ்சி சுண்டிரும். வீட்டுக்கு வந்தா சோறு எறங்காது.

நேரத்தப் பாருங்க, சனவரி பன்னெண்டோட ரிஜிஸ்ட்ரேசன் முடியுது. புதுப்பிக்கணும்னா பொகை டெஸ்டுல தேறணும். பொகைக்கொழாய்க்குள்ள கருவியச் செருகுவான். ஆக்சிலேட்டரத் தொடாம வண்டி அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு நிக்கணும். எங்க வண்டிக்கு அந்த ஒண்ணுதான் முடியல. தேறலன்னா, அவுக பேரு போட்ட அந்த ஒரே கார்டும் செல்லாமப் போயிரும்.

மெக்கானிக் ஜெயினுலாப்தீன் பாய் மேலப்பாளையத்துக்காரரு. தொண்ணூறடி ரோட்டுல பட்டறை. "அண்ணாச்சி, சோக் கம்பிய இழுத்தா ஓடுது, விட்டா செத்துருது. எங்கனயோ காத்து சாஸ்தியாப் போவுது, இல்ல பெட்ரோலு வரல"ன்னாரு. அடியில கேஸ்கெட்ட மாத்துனாரு, ரப்பர் டியூப மாத்துனாரு. ஐடில் ஜெட்டுன்னு ஊசி மொனை கணக்கா ஓட்டை வச்ச சாமானு ஒண்ணு, அதக் கழத்தி வெயில்ல பிடிச்சுப் பாத்து, ஊதி ஊதி மாட்டுனாரு. ஸ்க்ரூவக் கால் சுத்து அங்கிட்டு, கால் சுத்து இங்கிட்டுன்னு திருகி, ஒரு வழியா வண்டி காலத் தூக்குனாலும் நிக்காம ஓடுச்சு! கொஞ்சம் தட்டுத் தடுமாறித்தான், ஆனா ஓடுச்சு. அன்னைக்கு ரெண்டு பேரும் எங்கிட்ட டீ வாங்கிக் குடிச்சிட்டு, கல்யாண வீடு கணக்காச் சிரிச்சுக்கிட்டு இருந்தாக.

மறுநாள் காலையில டெஸ்டு. மறுபடி திருக வேண்டியிருந்தா லேசா இருக்கட்டும்னு பாய் பில்டர் மூடியப் போடாம விட்டிருந்தாரு. நான் சும்மா இருப்பனா? கெளம்புறதுக்கு முந்தி, அதே வாயில இன்னொரு பட்டை, தாராளமா. பாவி, இந்தக் கையி வெளங்குமா?

அங்க மூணு தடவை ஸ்டார்ட் பண்ணி மூணு தடவையும் நின்னுபோச்சாம். டெஸ்டுக்காரன் ஏறிட்டுக்கூடப் பாக்காம அடுத்த வண்டியக் கூப்புட்டுட்டான். அப்பவும் எனக்கு உறைக்கல.

பாய் மறுபடி ரெண்டு நாளு மல்லுக்கட்டுனாரு. ஆக்சிலேட்டரத் தொடாதப்போ காத்து போறதுக்கு உள்ள பொடிசா ஒரு வழி இருக்காம், அது மொனையக் கம்பெனியிலயே ஈயம் வச்சு அடைச்சிருக்காம். "அத ஒடைச்சா திரும்ப அடைக்க எங்கிட்ட தோது கெடையாது அண்ணாச்சி. வேற கார்பரேட்டரும் கெடைக்காது"ன்னு கைய விரிச்சுட்டாரு. குர்லா பங்கார் முழுக்க அலைஞ்சாச்சு. சனவரி பன்னெண்டும் போச்சு. சந்து மொனையில நின்ன வண்டியில, எடுக்கலன்னா இழுத்துட்டுப் போயிருவோம்னு முனிசிபாலிட்டிக்காரன் நோட்டீசு ஒட்டிட்டுப் போயிட்டான்.

பிப்ரவரியில பங்கார்க்காரன் வந்தான். அவுக கார்டக் குடுத்துட்டு, காட்டுன எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டாக. கார்பரேட்டர மட்டும் கெஞ்சிக் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டாக. "அத வச்சு என்ன செய்யப் போறீய?"ன்னேன். "ஏன் நின்னுச்சுன்னாவது தெரிஞ்சுக்கிடணும்லா"ன்னாக.

அந்த ஞாயித்துக்கெழமை மத்தியானம் தரையில பேப்பர விரிச்சு உக்காந்தாக. இனி எதுக்குப் பயம்? ஈயத்த ஒடைச்சு, என் தையல் ஊசிய வாங்கி உள்ள விட்டுக் கிண்டுனாக. வெள்ளையா, கட்டி கட்டியா வந்துச்சு. பேப்பர்ல கொட்டி, வெரல்ல தேச்சு, மோந்து பாத்தாக. பெட்ரோலு நாத்தத்துக்குள்ளயும் சந்தன வாசம் எனக்கே அடிச்சுது. அவுக தல தூக்கி என்னப் பாத்தாக. எண்ணெய்ச் சட்டியில முறுக்கு கருகுது, எனக்குக் கரண்டியத் தூக்க முடியல.

"ஏசுங்களேன்! ஒரு வார்த்தை ஏசித் தொலைங்களேன்!"னு நான் கத்துனேன்.

"திருநீற கீழ சிந்தக் கூடாதுட்டி"ன்னு சொல்லி, அந்தப் பொடிய ஒண்ணு விடாம வழிச்சு நெத்தியில பூசிக்கிட்டாக. மறுநாள் காலையில ரெண்டு டின்னத் தோள்ல வச்சுக்கிட்டு பாண்டுப் ரயிலுக்கு நடந்தாக.

நேத்து ஆயுத பூசை. நான் பொட்டு வைக்கிறதுக்கு முறுக்கு ஒரலு ஒண்ணுதான் மிச்சம். அது முன்னாடி தாம்பாளத்த வச்சுக்கிட்டு வெகுநேரம் உக்காந்திருந்தேன். திருநீறத் தொட எனக்குக் கை வரல.