படத்தில் இருந்த கை

கல்லூரியில் வரலாறு படிக்கும் என் மகள் போன மாதம் ஒரு கதை சொன்னாள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்து இளவரசி ஒருத்தியைக் கடல் கடந்து, மனைவியை இழந்த பிரபு ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்தார்களாம். முதல் மனைவியின் ஜெபப் புத்தகம் இவளுக்கு வந்தது. அதில் தீட்டியிருந்த அவள் உருவத்தின் மேலேயே இவளை வரைந்துவிட்டார்கள். கணவன் இறந்தபின் தம்பி அழைத்தும் இவள் ஊர் திரும்பவில்லையாம்.

"ஏம்மா அழுவுறீங்க?" என்றாள் மகள்.

நானும் இரண்டாம் தாரமாகத்தான் ஆலங்குடிக்கு வந்தேன். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, படம் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் என் கணவர் ஆசையாக ஒரு கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து மாட்டினார். அது அவருடைய முதல் கல்யாணப் படம். ஸ்டூடியோவில் சொல்லி என் முகத்தை ஒட்டியிருந்தார். அவர் கையைப் பிடித்திருந்த கை, இறந்துபோன முதல் மனைவியுடையது. மெலிந்த விரல்கள், சிவந்த மருதாணி. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அது என் முதுகைத் தொடுவதுபோல் இருக்கும்.

மகள் கதை சொன்ன மறுநாள் அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"பழைய படம் இருக்காண்ணே?"

"நெகட்டிவ் எங்கிட்டாவது கெடக்கும். எதுக்குங்க?"

"அவுக முகத்த அவுகளுக்கே குடுத்துருவோம்."

அன்றுதான் அவள் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். என் மகள் வயதுதான் இருக்கும்.

புதிய படத்தை மாட்டியதும் கணவர் வெகுநேரம் அதன்முன் நின்றார்.

"அப்ப ஒன் படத்த எங்க மாட்டுறது?" என்று கேட்டார்.