கண்டிக்காரருக்குப் பத்துக் கிலோ கூட

விமான டிக்கட் விற்பதில் தனபாலனுக்கு இருபத்தாறு வருஷ அனுபவம். விமானத்தில் ஏறியதில் ஒரு நாள் அனுபவமும் கிடையாது. கண்டி மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மஹ்மூதின் தையல் கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஏஜன்சி. உட்கார மூன்று கதிரை, ஓர் அலுமாரி, சுவரில் மேகத்துக்கு மேலே பறக்கும் ஒரு விமானத்தின் படம். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "மேகத்துக்குள்ள போறப்ப கொஞ்சம் ஆடும், பயப்படாதீங்க" என்று ஆயிரக்கணக்கான பேருக்குத் தைரியம் சொல்லி அனுப்பியிருக்கிறார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மனுஷன் திருதிருவென்று முழித்திருப்பார். ஏணியில் ஏறி பல்ப் மாற்றவே பயப்படுகிற ஆள் என்பது அவர் மனைவி சுப்பம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவருடைய ஒரே பெருமை, தன்னிடம் டிக்கட் வாங்கிய யாரும் ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை என்பது. அதை அவர் நாளுக்கு நாலு தடவை சொல்வார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் நாட்டில் எண்ணெய் தீர்ந்தது. கண்டி வாவியைச் சுற்றி வாகனங்கள் வரிசையில் நின்றன. காருக்கே இல்லாத எண்ணெய் விமானத்துக்கு எங்கிருந்து வரும்? கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் ஊற்றுவதற்கு ஒன்றுமில்லை என்றதும் விமானக் கம்பெனிகள் தங்கள் வழியைத் தாங்களே பார்த்துக்கொண்டன. வரும்போதே தாங்கியை நிறைத்துக்கொண்டு வருவது, மிச்சத்தை வைத்துத் திருவனந்தபுரம் வரை தட்டுத்தடுமாறிப் போய் அங்கே ஊற்றிக்கொள்வது, அதற்குமேல் பயணம். இப்படிப் போவதற்குப் பாரம் குறைய வேண்டும். முப்பது கிலோ பெட்டி பதினைந்து கிலோவாகச் சுருங்கியது.

பதினைந்து கிலோவை வைத்துக்கொண்டு கண்டிப் பக்கத்து ஆள் என்ன செய்வார்? ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் தெருவே பார்சலோடு வந்து நிற்கும். அங்கே இருக்கும் மகனுக்குத் தேயிலைத்தூள், மருமகளுக்கு மாசிக் கருவாடு, யாரோ ஒரு சிநேகிதனுக்குக் கித்துள் கருப்பட்டி. வாங்க மாட்டேன் என்று சொன்னால் ஜென்மத்துக்கும் பகை.

தனபாலன் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய் மஹ்மூதிடம் பேசினார். மூன்றாம் நாள் பதினாறு பை வைத்த ஜாக்கெட் ஒன்று தயாரானது.

"ஏரோப்ளேன்காரன் பெட்டியத்தான் நிறுப்பான், ஒங்கள நிறுக்க மாட்டான். பெட்டியில ஏத்த முடியாதத ஒடம்புல ஏத்துங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னார். சொல்லும்போது தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது. மடவளையிலிருந்தும் அலவத்துகொடயிலிருந்தும் ஆட்கள் வந்து ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தார்கள். மெலிந்தவர்களெல்லாம் ஊதிப் பெருத்து விமானம் ஏறினார்கள்.

ஜூன் மாதம் வினை அவரைத் தேடி வந்தது. மஸ்கட்டில் இருக்கும் மகள் துளசிமணிக்குக் குழந்தை பிறந்தது. சுப்பம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. "நீங்கதான் போகணும்" என்று சொல்லிவிட்டாள். சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, கருப்பட்டி என்று பிள்ளை பெற்றவளுக்கு வேண்டிய மருந்துச் சரக்கை வறுத்து இடித்து, நாலு கிலோவை அவருடைய ஜாக்கெட்டின் பைகளில் வைத்துத் தைத்தே விட்டாள். "இது அவ கைக்குப் போகாட்டி நீங்க வீட்டுக்கு வராதீங்க."

அன்றைய விமானத்தில் அவரோடு சேர்த்து அவருடைய டிக்கட்காரர்கள் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் பொம்மிய ஜாக்கெட்டுகளோடு விமானம் ஏறும் வாசலருகே உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் அழகம்மா. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குப் போகிறவள். பஸ்ஸுக்கு டீசல் இல்லாமல் பாதி வழி நடந்து, கடைசி ஆளாக வந்து கவுண்டரில் பதிந்தாள். கையில் ஒரு சின்னப் பை மட்டும். அவளைத்தான் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"ஐயா, பாரம் கூடிப்போச்சுன்னு ஏத்த மாட்டேங்குறாங்க" என்றாள். "விசாவுல இன்னைக்குத்தான் கடைசி நாள். தோட்டத்து வேலையில இருந்து பேர வெட்டிட்டு வந்துட்டேங்க. லயத்து வீட்டையும் குடுத்தாச்சு. திரும்பிப் போக எனக்கு எடம் இல்ல."

தனபாலன் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதிகாரியிடம் போனார். ராஜரத்தினம் என்று சட்டையில் பெயர் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்.

"சேர், ஒரு ஆளுக்கு எழுபத்தஞ்சு கிலோன்னு போட்டா அந்தப் பொண்ணுக்கு எடம் இருக்கணுமே. எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியும்."

"ஓம், எழுபத்தஞ்சுதான் போடுறனாங்கள்" என்றார் ராஜரத்தினம். "கண்டி ஆக்களுக்கு மட்டும் போன கிழமையில இருந்து எண்பத்தஞ்சு. அங்க திரும்பிப் பாருங்கோ. ஆரோ ஒரு ஏஜன்சிக்காரன் உடுப்புக்குள்ள சாமான் கட்டச் சொல்லிக் குடுத்திருக்கிறான். பதினொரு பேர், நூற்றிப்பத்துக் கிலோ. அந்தப் பிள்ளையின்ர இடம் அதுக்குள்ளதான் போச்சு."

தனபாலன் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஆட்கள் வரிசையாக, மூச்சு விடச் சிரமப்பட்டு, பெருமையோடு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இப்படியும் சொல்லிக் குடுப்பானுகளா" என்றார். வெட்கமில்லாத ஆள். ஆனால் அழகம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தது கண்ணில் பட்டது. அவளை நிறுத்தியது எண்ணெய்த் தட்டுப்பாடு இல்லை, தான்தான் என்பது அவருக்கு உறைத்தது.

"எவ்வளவு கொறைஞ்சா ஏத்துவீங்க?"

ராஜரத்தினம் அழகம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "உவவுக்கு அறுபது கிலோ குறைஞ்சாக் காணும். இருபது நிமிசம் இருக்கு."

தராசு வந்தது. தனபாலன் தன் ஆட்களுக்கு முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். மடவளை கைரியா எழுந்து நின்றாள்.

"தனபாலன் நானா, நீங்க தானே கட்டச் செல்லித் தந்தீங்க? இப்ப நீங்களே கழட்டச் செல்றீங்க. மாமிட மாசிக்கி நான் என்ன பதில் செல்ற?"

"என் பேரச் சொல்லுங்க" என்றார் தனபாலன். "எல்லாருக்கிட்டயும் என் பேரையே சொல்லுங்க."

ராஜரத்தினம் அப்போதுதான் அவரை உற்றுப் பார்த்தார். 

கைரியா முணுமுணுத்தபடியே அபாயாவுக்கு உள்ளிருந்து மாசிப் பொட்டலங்களை எடுத்து வைத்தாள். பிறகு தேயிலைத்தூள் வந்தது, கருவாடு வந்தது, ஒருவர் ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தியிருந்த ஐந்து சாரங்கள் வந்தன. கருவாட்டு வாசத்தில் அடுத்த வாசலில் இருந்த வெள்ளைக்காரர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். எல்லாம் பிறகு வரும் விமானத்தில் அனுப்பப்படும் என்றார் ராஜரத்தினம். அதை அவரே நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

தராசு ஐம்பத்தாறில் நின்றது. பத்துப் பேரிடமும் இனிக் கழற்ற ஒன்றுமில்லை. பத்துப் பேரும் தனபாலனைப் பார்த்தார்கள்.

"இது சாமான் இல்ல, புள்ள பெத்த மகளுக்கு மருந்து" என்றார்.

"வேணாங்க ஐயா" என்றாள் அழகம்மா. "பிள்ளைக்குக் கொண்டு போறது."

அவள் கேட்டிருந்தால் அவர் வாதாடியிருப்பார். வேண்டாம் என்றதுதான் தாங்க முடியவில்லை. சுப்பம்மாவின் முகத்தை நினைத்து ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டார். பைகள் தைத்திருந்ததால் பல்லால் நூலைக் கடித்துப் பிரித்து, ஒவ்வொரு பொட்டலமாகத் தராசில் வைத்தார். முள் அறுபதைத் தொட்டுக் கொஞ்சம் ஆடி நின்றது.

விமானம் கிளம்பியதும் தனபாலன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கதிர்காமத்துக்கு மொட்டை நேர்ந்துகொண்டார். பக்கத்தில் அழகம்மா.

"மேகத்துக்குள்ள போறப்ப கொஞ்சம் ஆடும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். "பயப்படாதீங்க."

திருவனந்தபுரத்தில் யாரையும் இறக்காமல் ஒரு மணி நேரம் எண்ணெய் ஊற்றினார்கள். தனபாலன் ஜன்னல் வழியாக அந்த எண்ணெய் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக வரிசை இல்லாமல் யாரும் எண்ணெய் ஊற்றி அவர் கண்டதில்லை.

மஸ்கட்டில் துளசிமணி குழந்தையோடு வந்து நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தொளதொளவென்று தொங்கிய ஜாக்கெட்டைப் பார்த்தாள்.

"அம்மா போன்ல சொன்னாங்களே, மருந்துச் சரக்கு எங்கப்பா?"

கூட்டத்துக்குள் ஒரு சின்னப் பையோடு, தன் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்திருந்தவரைப் பின்தொடர்ந்து அழகம்மா போய்க்கொண்டிருந்தாள். தனபாலன் பேரப்பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, முகவாயால் அந்தப் பக்கம் காட்டினார்.

"அந்தா நடந்து போகுது, பாரு."