மண்சுவர் வீட்டை நான் மறைத்தது

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பெற்று, கொழுந்தன் மகனையும் சேர்த்து ஆறு வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். கொம்பும் சுழியும் பிசகும். இதை எழுத எட்டு நாள் ஆயிற்று. ஆகட்டும், யார் விரட்டுகிறார்கள்?

என் வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவர். ஒரு தடவை பிரேசில் துறைமுகத்தில் முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டான். ஊர் திரும்ப வழியில்லாமல் இவர் உள்நாட்டுத் தோட்டமொன்றில் கூலிக்கு நின்றார். மூன்று வருஷம் மண்சுவர்க் குடிசையில் படுக்கை. வாழ்க்கைப்பட்ட ஊரான முத்தையாபுரத்தில் இதைப்பற்றி நான் மூச்சு விடவில்லை. "பெரிய கப்பல்ல ஆபீசரு" என்றே சொன்னேன். திரும்பி வந்தவரையும் அப்படியே சொல்ல வைத்தேன்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி கண்டது. ஆஞ்சியோ எடுத்தார்கள். இதயம் பெருத்திருக்கிறது, ஆனால் அடைப்பே இல்லை என்றார்கள். கூட வந்த நாத்தனார், "ஆபீசருக்கு வாயுதாம்ளா. சுக்கு தட்டிப்போட்டுக் குடு" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். "ஐயா, வெளிநாட்டுல கரையில எங்கயாவது தங்கியிருக்கீங்களா?" என்று கேட்டது.

அவர் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "கப்பல விட்டு எறங்கினதே இல்லம்மா. ஆபீசருல்லா!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானை மாட்ட ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் பஸ்ஸுக்கு நடக்கும்போதெல்லாம் இரண்டு இடத்தில் நின்று செருப்பை உதறுவார். ஒரு நாள் குனிந்து பார்த்தேன். கல்லுமில்லை, முள்ளுமில்லை.

"நெஞ்சு வலிச்சா டாக்டரம்மாட்ட சொல்ல வேண்டியதான?"

"சொன்னா அந்தப் புள்ள மறுபடியும் அதையேதான் கேக்கும். நீ என்னளா சொல்லுவ?"



அடுத்த தடவை நாத்தனாரை வரவேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வரட்டும். அவளை வைத்துக்கொண்டே டாக்டரிடம் மண்வீட்டைச் சொன்னேன்.

"சுவர் வெடிப்புல பூச்சி இருந்துச்சா ஐயா?"

"கரப்பான் தண்டிக்கு. ராத்திரி மூஞ்சியிலதான் கடிக்கும்." அவருக்குப் பேச்சு அன்றுதான் வந்தது.

ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்கள். அந்தப் பூச்சியால் வந்த கிருமிதான். இத்தனை வருஷம் சத்தம் காட்டாமல் உள்ளே இருந்து இதயத்தைத் தின்றிருக்கிறது. "பெரிய குழாய்ல அடைப்பில்ல பாட்டி. மயிரிழை மாதிரி இருக்கிற சின்னக் குழாய்கள்தான் சரியா விரியல. ஆஞ்சியோவுல அது தெரியாது" என்றது டாக்டர்.

நான் ஆத்தூர்க்காரி. ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டேயிருக்கும்; கொடிக்காலுக்குள் ஓடும் சிறு வாய்க்கால் தூர்ந்தால் வெற்றிலை வாடும். ஆற்றைப் பார்த்துவிட்டு வாயு என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

வெளியே வந்ததும் நாத்தனார், "அப்ப ஆபீசரு இல்லையா?" என்றாள்.

"எண்ண போட்டவரு. கூலிக்கு நின்னவரு. போயி தெருவுல சொல்லு."

சொன்னாள், விடுவாளா?

கெட்டது கெட்டதுதான், வலியைக் குறைக்கலாம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குறைந்திருக்கிறது, போகவில்லை. இப்போது வலித்தால் நெஞ்சில் கைவைத்து நடுத்தெருவில் நிற்கிறார். நானும் நிற்கிறேன்.

ஏளா பேத்தி, இங்கன வா. தாத்தாவுக்குக் கேக்குற மாதிரி இதச் சத்தமா வாசி. மண்ணு வீடுங்கிற எடத்த முழுங்காம வாசி.