பூட்டிய கூடத்தின் பதிவேடு

ரங்கநாயகிக்கு மனிதர்களை மதிக்கத் தெரியாது என்று அந்தக் கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு. மதிக்கத் தெரியாமல் இல்லை, மதிக்கிற மாதிரி ஒரு ஆள் கண்ணில் படவில்லை என்பது அவள் கட்சி. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, ஒரு அரிசி ஆலைக்காரர் தொடங்கிய கல்லூரி அது. அங்கே நான்கு வருடம் உதவியாளராக, கடைசி ஒரு வருடம் கணினிக் கூடத்தில், இருந்தவளுக்கு அப்படித் தோன்றியதில் தப்பே சொல்ல முடியாது.

முனிச்சாலைப் பக்கம் பிறந்தவள். வீட்டில் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ். இயற்பியல் படித்துவிட்டு விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளி மொத்தக் கடையில் சரக்கு இருப்பைக் கணினியில் ஏற்றுகிற வேலைக்குப் போனாள். கறுப்புத் திரையும் பச்சை எழுத்துமாக இருந்த அந்தப் பெட்டி மாதம் ஒருமுறை மூச்சை நிறுத்திவிடும். சரிசெய்கிற ஆள் சென்னையிலிருந்து வருவதற்குள் கடைக்காரர் பத்துத் தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வார். மூன்றாம் முறை பெட்டி படுத்தபோது ரங்கநாயகி ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு தானே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து சென்னை ஆளுக்கு அந்தக் கடையில் வேலை இல்லை. அவளுடைய படிப்பு அம்புட்டுத்தான். கல்லூரி வேலைக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

இரண்டாயிரமாவது வருடம் தை மாதத்தில் அந்தக் கல்லூரியும் சென்னையிலிருந்த ஒரு மென்பொருள் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. கம்பெனி இருபது கணினி தரும், பாடப் புத்தகம் தரும். கல்லூரி குளிரூட்டிய அறை தரும், பிள்ளைகளைத் தரும். ஒவ்வொரு பிள்ளையும் நூறு மணி நேரம் கணினியில் உட்கார்ந்து பழக வேண்டும். அடுத்த ஜனவரியில் கம்பெனியே தேர்வு வைத்து வேலைக்கு ஆள் எடுக்கும். காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கல்லூரிக்கு விளம்பரத்தில் போட ஒரு கம்பெனியின் பெயர் வேண்டியிருந்தது. கம்பெனிக்கு நாற்பது கல்லூரிகள் எங்களோடு இருக்கின்றன என்று வெளிநாட்டுக்காரனிடம் காட்ட ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. இரு தரப்பும் ஒன்றை ஒன்று நன்றாகவே புரிந்துகொண்டிருந்தன.

இருபது கணினிக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். பிறகு பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடிக் கதவைப் பூட்டினார்கள். சாவியைத் துறைத்தலைவர் சிவனாண்டி தன் இடுப்பு வாரில் ஒரு எஃகுச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். கணினியின் மேல் அவருக்கு இருந்தது ஒரு விதமான பக்தி; தொடாத பக்தி.

"கண்ட பய கையில குடுத்தா மாவாட்டிப்புடுவான்மா" என்றார் ரங்கநாயகியிடம். "கம்பெனிக்காரன் வந்து பாக்கும்போது வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரி இருக்கணும்."

நாற்பத்தொரு பிள்ளைகளும் கரும்பலகையில் கணினி படித்தார்கள். நிரலைக் குறிப்பேட்டில் சிவப்பு மை, நீல மையில் அழகாக எழுதி மனப்பாடம் செய்தார்கள். வைகையில் தண்ணீர் இல்லாத மாதம் பார்த்து நீச்சல் கற்றுக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்று ரங்கநாயகி ஆசிரியர் அறையிலேயே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் சம்பளம் நிற்கும்.

அந்த நாற்பத்தொரு பேரில் பவதாரிணி என்றொரு பெண். எழுமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து, உசிலம்பட்டியில் மாறி வருகிறவள். அவள் அம்மா பாண்டியம்மாள் பருத்திக் காட்டில் களை எடுக்கிறவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். ஒருநாள் மதிய இடைவேளையில் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் விசைப்பலகையை வரைந்து வைத்துக்கொண்டு பத்து விரலாலும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு வேகம் வருது?" என்று கேட்டாள் ரங்கநாயகி.

"நிமிசத்துக்கு முப்பது வார்த்தை மேடம்."

"தப்பு எம்புட்டு?"

"தெரியாது மேடம். அட்டை சொல்லாதுல்ல."

ரங்கநாயகிக்கு அழுகை வருவது குறைவு. கோபம்தான் வரும். அன்றைக்கும் அதுதான் வந்தது. ஜனவரிக்குள் இந்தப் பிள்ளைகளின் விரல் ஒரு நிஜக் கணினியின் மேல் பட்டாக வேண்டும் என்று அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே முடிவு கட்டினாள்.

புரட்டாசியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அக்டோபரில் ஆய்வு. பயிற்சி நேரப் பதிவேடுகள் சரியாக இல்லாவிட்டால், தேர்வுக்கு முன் தொண்ணூறு நாள் கம்பெனி ஆளே வந்து உட்கார்ந்து பயிற்சியை நடத்துவார் என்று அதில் ஒரு விதி. சிவனாண்டி நான்கு நீளப் பதிவேடுகளை அவள் மேசையில் வைத்தார். ஒன்பது மாதத்துக்கும், நாற்பத்தொரு பேருக்கும், தலைக்கு நூறு மணி நேரம் எழுதிவிடச் சொன்னார்.

எழுதுகிற நேரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் நிஜமாகவே உட்கார்ந்துவிடுவார்களே என்று கேட்டாள்.

"தொறந்தா அழுக்காகும்மா. எழுதுனா அழுக்காகாது" என்றார் அவர்.

எட்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். நான்கு நிற மை, மூன்று விதக் கையெழுத்து. சும்மா எழுதவில்லை. சித்திரை மாதம் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளுக்கு வந்ததும் பேனாவைத் துடைத்துக்கொண்டு, காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை நாற்பத்தொரு பேரும் ஆஜர் என்று அழுத்தி எழுதினாள். அன்றைக்கு மாவட்டத்துக்கே விடுமுறை. கோரிப்பாளையத்திலிருந்து ஆற்றுக்குள் ஒரு கால் வைக்க இடம் இருக்காது, பஸ் ஓடாது. கல்லூரிக் காவல்காரரே கேட்டைப் பூட்டிவிட்டு அழகரைப் பார்க்கப் போயிருந்தார். கண் இருக்கிறவன் எவனாக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் நின்றுவிடுவான். நின்றால் பதிவேடு பொய் என்று தெரியும். தெரிந்தால் தொண்ணூறு நாள் கதவு திறக்கும். அவள் வேலை போகலாம். போனால் போகிறது. வீட்டில் கணவர் சௌரிராஜன், பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார், ஏன் இந்த வம்பு என்று மட்டும் கேட்டார். பதில் வராது என்று அவருக்கும் தெரியும்.

ஆய்வுக்கு வந்தவர் டை கட்டியிருந்தார். பெயர் வெங்கடேஷ்பாபு. முகத்தைப் பார்த்ததுமே ரங்கநாயகிக்கு ஆள் தெரிந்துவிட்டது: அவள் தெருவுக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்த பிள்ளை. அவளுக்குத் தெம்பு வந்தது. சென்னைக்காரன் என்றால் அந்தத் தேதியைக் கோட்டைவிடுவான். முனிச்சாலைக்காரன் எப்படி விடுவான்? சின்ன வயதில் தோல் பையில் தண்ணீர் சுமந்து அழகர் மேல் பீய்ச்சியவனாகத்தானே இருப்பான். வாங்க என்று வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்திலேயே வரவேற்றாள். அவர் ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டுக் கூடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் புகைப்படம். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார்கள். செருப்பு வெளியே, கை கழுவியாயிற்று. விரலை விசைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும், அழுத்தக் கூடாது என்று சிவனாண்டி வரிசை வரிசையாகப் போய்ச் சொன்னார். பவதாரிணி முன் வரிசையில், தான் ஒன்பது மாதம் வரைந்து பழகிய பலகைக்கு அரை அங்குலம் மேலே விரலை வைத்துக்கொண்டு, கண் சிமிட்டாமல் இருந்தாள். படம் எடுத்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள்.

பிறகு பதிவேடு. வெங்கடேஷ்பாபு பக்கத்தைப் புரட்டுவதும் அடியில் சிவனாண்டியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவதுமாக இருந்தார். சித்திரை வந்தது. கையெழுத்து விழுந்தது, முத்திரையும் விழுந்தது. பிறகுதான் விரல் நின்றது. தேதிக்கு மேல் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது. அவர் தலையைத் தூக்கி, டீ வருமா சார் என்று சிவனாண்டியைக் கேட்டார். சிவனாண்டி ஓடினார். அப்போதுதான் அந்த மனிதருக்கு வீட்டுப் பாஷை ஞாபகம் வந்தது.

"அக்கா, அழகர் எறங்குற அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு நாப்பத்தோரு பேரும் வந்திருக்காங்க. எழுதுனவங்க காலண்டரைப் பாத்து எழுதியிருக்கலாம்."

"பாத்துத்தான் எழுதுனேன்."

"எதுக்கு?"

"நீங்க பாக்கணும்னுதான். ஒரு பிள்ளைகூட இந்தக் கதவுக்குள்ள வந்ததில்ல தம்பி."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கடைசிவரை ஆறாத விஷயம். பூட்டிய அறை தனக்குப் புதிது இல்லை என்றும், போன வாரம் ஒரு ஊரில் திரை இருந்தது, பெட்டி இல்லை என்றும், இந்த மாதத்துக்குள் பதினோரு கல்லூரியை முடித்தால்தான் தனக்கு அமெரிக்கா போகிற வரிசையில் இடம் என்றும் சாவகாசமாகச் சொன்னார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"தேதியை மட்டும் மாத்திருங்கக்கா."

பேனா நல்ல பேனா. அவள் வாங்கவில்லை. டீ வந்துவிட்டது. சால்வை போட்டார்கள், பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். அவர் மிச்சப் பக்கங்களுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானத்துக்குப் போனார். பொய்யை எழுதச் சொன்னவர் ஒருவர், பொய்யென்று தெரிந்தே முத்திரை குத்தியவர் ஒருவர். இரண்டு பேருக்கும் பேர் படித்தவர்கள்.

மறுநாள் காலை ரங்கநாயகி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சிவனாண்டியின் அறைக்குப் போனாள். சித்திரைப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"இதுல உங்க கையெழுத்து இருக்கு சார். அவரு கையெழுத்து இருக்கு. கம்பெனி சீலும் இருக்கு. கோரிப்பாளையத்துல ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டேன்."

"மிரட்டுறியாம்மா?"

"சாவி கேக்குறேன் சார்."

"வேலை போயிரும், தெரியும்ல?"

"ஜனவரிக்கு மேல போகட்டும்."

அவர் கை இடுப்புச் சங்கிலிக்குப் போனது. சங்கிலியைக் கழற்ற அவருக்குத் தெரியவில்லை. ஒன்பது மாதமாகக் கழற்றியதே இல்லை. கடைசியில் வாரோடு உருவித் தந்தார். செருப்பை மட்டும் வெளியே விடச் சொல்லும்மா என்றார், ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு.

இருபதில் பதின்மூன்றுதான் உயிர் பெற்றன. மற்றவற்றின் கம்பிகளை எலி தின்றிருந்தது. ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றில் வைத்துப் பதினாறாக்கினாள். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை, முறை வைத்துப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பவதாரிணியின் முதல் வரியில் பதினொரு தப்பு. கணினி அதைக் காட்டிக்கொடுத்தபோது அந்தப் பெண்ணுக்கு அவமானம் வரவில்லை. பெருவிரலை மட்டும் இத்தனை நாள் தப்பாக வைத்திருக்கிறேன் என்று சொல்லித் திருத்திக்கொண்டாள். முதல் முறையாக அந்தக் கல்லூரியில் ஒரு ஆளை மதிக்கலாம் என்று ரங்கநாயகிக்குத் தோன்றியது.

ஜனவரித் தேர்வில் நாற்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் கணினித் தாளில் தேறினார்கள். அடுத்தது நேர்காணல். அதில் பொழுதுபோக்கு என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். பருத்திக் காட்டுக்குப் போவதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது என்று பவதாரிணி யோசித்துக்கொண்டிருந்தபோதே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று பேரை எடுத்தார்கள். மூவரும் நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். சிவனாண்டிக்குச் சிறந்த ஒருங்கிணைப்பாளர் என்று கேடயம் வந்தது. ரங்கநாயகியின் பணியிடம் தேவைப்படவில்லை என்று கடிதம் வந்தது. கதவு மறுபடி பூட்டப்பட்டது. பவதாரிணி மாத்திரம் விடவில்லை. தட்டச்சு வேகத்தை மட்டும் பார்த்து ஆள் எடுக்கிற ஒரு நிறுவனத்தில், நேரு நகர் பக்கம், மருத்துவர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு அடிக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள். அங்கே அவளுக்கு என்ன பொழுதுபோக்கு என்று யாரும் கேட்கவில்லை.

ரங்கநாயகி கோரிப்பாளையத்தில் ஒரு இணைய மையத்தைப் பார்த்துக்கொள்ளப் போனாள். அக்டோபரில் ஒரு மத்தியானம், கல்லூரிக் கடைநிலை ஊழியர் விருமாண்டி அங்கே வந்து வாசலிலேயே நின்றார்.

"வாங்கண்ணே, என்ன இம்புட்டுத் தூரம்?"

சிவனாண்டி சார் அனுப்பினாராம். நாளை மறுநாள் கம்பெனி ஆய்வாம். கணினியைப் போட்டால் எல்லாமே பாஸ்வேர்டு கேட்கிறதாம். அது யாருக்கும் தெரியவில்லையாம்.

ரங்கநாயகி கையிலிருந்த வேலையை வைத்தாள்.

"அது நான் ஜனவரியில, கெளம்புற அன்னைக்குப் போட்டது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சா?"

விருமாண்டி தலையைச் சொறிந்தார். "இன்னைக்குத்தானம்மா தொறந்தோம்."

அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. ஒன்பது மாதம். புதிதாக ஒரு நாற்பது பிள்ளைகள். எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒரு உதவியாளர் இந்நேரம் நான்கு நிற மையோடு உட்கார்ந்திருப்பாள்.

"நாளைக்குக் காலையில வாரேன்னு சொல்லுங்கண்ணே. ஆனா சாருட்டச் சொல்ல மாட்டேன். பிள்ளைக பூராம் உள்ள உக்காந்திருக்கணும். அவுகளுக்குத்தான் சொல்லுவேன். அவுகதான் அடிச்சுத் தொறக்கணும்."

"அந்த மனுசன் ஒத்துக்குவாராம்மா?"

"ஒத்துக்காட்டி கம்பெனிக்காரனுக்குச் சூடம் காட்டி அனுப்பச் சொல்லுங்க."

விருமாண்டி எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனார். கண்ணாடிக்குள் அவர் காதிலிருந்து ரிசீவரைத் தள்ளித் தள்ளிப் பிடிப்பது தெரிந்தது. இரண்டாம் முறை காசு போட்டார். ரங்கநாயகி அவரைப் பார்க்காமல் மூன்றாம் எண் கணினியின் பக்கவாட்டைக் கழற்றித் தூசி ஊதிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் விருமாண்டி திரும்பி வந்தார்.

"எத்தனை மணிக்கு உக்காத்தி வைக்கட்டும்னு கேக்குறாரும்மா."

"ஏழு மணிக்கு" என்றாள்.