அடிக்காத மணி

என் மகனின் காரில் ஒரு பெண் குரல் பேசுகிறது. முன்னால் கேமரா இருக்கிறது என்று அவனுடைய போனிலிருந்து சொல்கிறது. உடனே அவன் காலைத் தளர்த்துவான். கார் சாதுவாகக் கேமராவைக் கடக்கும். கடந்ததும் மறுபடி பறக்கும். எண்பதைத் தாண்டினால் காரே டிங் டிங் என்று ஒலி எழுப்பும். போன மாதம் சேலத்திலிருந்து அரூருக்கு வரும்போது, இந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது, ஒரு மெக்கானிக்கிடம் சொல்லி வயரைக் கழற்றிவிடப் போகிறேன் என்றான்.

நான் கத்தினேன். வண்டியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியதும் இறங்கி ரோட்டோரம் நின்றுகொண்டேன். மருமகள் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். "மாமா, ஏறுங்க. பி.பி. ஏறிடும். ஒரு வயருக்குப் போயி இப்பிடிக் கோவப்படலாமா?"

ஒரு வயர்தான். அன்றைக்கும் ஒரு வயர்தான்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஒரு பஸ் இருந்தது. அப்பா இறந்தபோது என் பங்குக்கு வந்தது. அரூரிலிருந்து மொரப்பூர் வழியாகத் தர்மபுரி போய்த் திரும்பும். சேலத்தில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். வாத்தியார் வேலைக்குக் காத்திருந்த நேரத்தில் முதலாளி ஆனேன். படித்த முதலாளி என்று பஸ் ஸ்டாண்டில் மரியாதை உண்டு. அந்த மரியாதையை நினைத்தால் இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேகத்தைக் கட்டுப்படுத்த டீசல் பம்பில் ஒரு கருவி உண்டு. கவர்னர் என்போம். அதைத் திருப்பி வைத்து ஈய முத்திரை போட்டுவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஓர் அளவுக்கு மேல் ஓடாது. வருஷம் ஒரு முறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது முத்திரை இருக்கும். வந்த மறுநாள் அறுத்துவிடுவோம். மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று ஒரு காரணம் வைத்திருந்தோம். உண்மையான காரணம் எங்களுக்குச் சற்றுப் பின்னால் கிளம்பும் இன்னொரு கம்பெனி பஸ். அது எங்களை முந்திவிட்டால் மொரப்பூரில் ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் அதற்குப் போய்விடும்.

போலீஸ் சோதனையைப் பற்றிப் பயமும் கிடையாது. எதிரே வருகிற லாரிக்காரர் பட்டப்பகலில் இரண்டு தரம் ஹெட்லைட் போட்டால் முன்னால் செக்கிங் என்று அர்த்தம். நாங்களும் அடுத்தவருக்குப் போடுவோம். சோதனை நடக்கும் இடத்தில் எல்லா வண்டியும் கோயில் தேர் மாதிரிப் போகும். என் மகனின் போன் செய்கிற வேலையை அன்றைக்கு ஊரே சேர்ந்து செய்தது. பிடிபடாமல் இருக்க இத்தனை ஒற்றுமை. அதில் கால்வாசி எவன் உயிரைக் காப்பதற்கும் இருந்ததில்லை.

எங்கள் டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும். கத்தோலிக்கர். ஏரியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். நான் மாட்டிய முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டிருந்தார். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அப்போது நீ, வா, போ என்றுதான் பேசுவேன். பல வருஷம் பழைய லாரி ஓட்டியவர். லாரியில் வேகம் கூடினால் கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் ஆடி அவருக்குச் சொல்லிவிடும். என் பஸ் புதுசு. ஆட்டமில்லாமல் ஓடும். கவர்னர் முத்திரையை அறுத்ததும் அவர் என்னிடம் வந்தார்.

"மொதலாளி, எனக்கு இந்த வண்டியில வேகமே தெரிய மாட்டேங்குதுங்க. நாப்பதுல போறேன்னு நெனச்சிட்டிருக்கேன், முள்ளப் பாத்தா எழுவதுல நிக்குது. முத்திரைய மறுபடி வச்சிருங்க."

"முத்திரை வச்சா கலெக்சன் எங்கிருந்து வரும்? முள்ளப் பாத்து ஓட்டு."

"முள்ளப் பாத்தா ரோட்டப் பாக்க முடியலீங்க."

படித்தவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்பீடோமீட்டரின் கண்ணாடியைக் கழற்றி, அறுபதுக்கு நேராக மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை வைத்தேன். முள் வந்து அதைத் தொட்டால் டாஷ்போர்டுக்கு அடியில் மாட்டிய மின்சார மணி அடிக்கும். வேகம் குறைந்தால் நின்றுவிடும். பஸ் முழுக்கக் கேட்கும் சத்தம். ஒரு வாரம் உட்கார்ந்து நானே செய்தேன். செய்து முடித்து அவரிடம் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"இனிமே முள்ளப் பாக்கவே பாக்காத. ரோட்ட மட்டும் பாரு. அறுபதத் தாண்டினா மணி சொல்லும். மணி அடிக்கலன்னா நீ சரியாப் போறன்னு அர்த்தம்."

அவர் மணியைத் தொட்டுக் கும்பிட்டார். முள்ளைப் பார்ப்பதை அன்றோடு விட்டுவிட்டார்.

பஸ்ஸில் மணி அடிக்க ஆரம்பித்ததும் ஜனங்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. ஒருநாள் நானும் ஏறி பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். மணி அடித்ததும் டிரைவர் சட்டென்று காலை எடுத்தார். பின்னால் வந்த கம்பெனி பஸ் ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போனது. பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல்.

"யோவ் டிரைவரு, என்னா பூசை முடிஞ்சுதா? மணி அடிச்சிட்டீங்க, துண்ணூறு குடுங்க!"

"அவுரு வேதக்காரருப்பா, கோயில் மணி அடிக்கறாரு. எல்லாம் முட்டிபோடுங்க."

"எறங்கி நடந்தா மின்னாடி போயிடலாம் போல கீது. கண்டக்டரே, டிக்கெட்டத் திருப்பி எடுத்துக்க."

டிரைவர் திரும்பாமல் சிரித்துக்கொண்டே, "உங்க வூட்டுக்கு முழுசாப் போயிச் சேருவீங்கல்ல? அதுக்குத்தாங்க மணி" என்றார்.

நான் சிரிக்கவில்லை. தாண்டிப் போன பஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் கண்டக்டர் வேறு வந்து நின்றார். "மொதலாளி, தப்பா நெனக்காதீங்க. மணி அடிக்கற வண்டின்னு பேரு வெச்சிட்டாங்க. மொரப்பூர்ல ஒருத்தனும் ஏற மாட்டேங்கறான்."

மறுநாள் விடிகாலை, வண்டி ஷெட்டில் நிற்கும்போது, டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு மணிக்குப் போகும் வயரைப் பிடுங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. டிரைவரிடம் சொன்னால் மறுபடி முள்ளைப் பார்க்க ஆரம்பிப்பார், பயந்து மெதுவாகப் போவார். சொல்லாவிட்டால் மணி அடிக்கும்வரை போகலாம் என்று மிதிப்பார். மணி அடிக்கப் போவதில்லை. இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. இப்படித்தான், இந்த வரிசையில்தான் யோசித்தேன்.

அன்று சாயங்காலம் அவர் ஷெட்டுக்கு ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மொதலாளி, இன்னிக்கு ஒரு தரங்கூட மணி அடிக்கலீங்க! மொரப்பூருக்கும் நாமதான் மொதல்ல போனோம். காலு பழகிடுச்சுங்க. அறுபதத் தாண்டாமயே நேரத்துக்குப் போவ முடியுதுங்க!"

"அதான் சொன்னேன்ல" என்றேன். தோளில் தட்டியும் கொடுத்தேன்.

அந்தக் கையை என்ன செய்வது? அதே கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நாள் எல்லாருக்கும் சந்தோஷம். ஜனங்கள் எங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறினார்கள். தீர்த்தமலைத் திருவிழா முடிந்த வாரம், ஒரு மதியம், வளைவு ஒன்றைத் திரும்பும்போது, அன்று எங்களை முந்திப் போயிருந்த அந்தக் கம்பெனி பஸ் ரோட்டில் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டி வந்த வேகத்தில் நிற்க முடியவில்லை. டிரைவர் அதில் மோதாமல் ஓரமாக ஒடித்தார். ஆட்டுக்குத் தழை ஒடித்துத் தலையில் வைத்து ஓரமாக நடந்துபோன ஒரு பெண் மேல் வண்டி ஏறி, வயலில் இறங்கி நின்றது. அந்த அம்மாள் அங்கேயே இறந்துபோனார். வீட்டில் ஆடுகளும் மூன்று பிள்ளைகளும் இருந்தன என்று பிறகு தெரிந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் டிரைவரை இழுத்துப் போட்டு அடித்தார்கள். துண்ணூறு கேட்டவர்கள், முட்டிபோடச் சொன்னவர்கள், மெதுவாகப் போனால் இறங்கி நடப்பேன் என்றவர்கள், தினமும் வருகிற அதே ஆட்கள். "பறக்கறியாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்களாம். அவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அவர்கள் அடித்தது ஆள் மாறி. என்னை அடித்திருக்க வேண்டும்.

நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது டிரைவரைப் போலீஸ் கூட்டிப் போயிருந்தது. உடலையும் எடுத்துப் போயிருந்தார்கள். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளிடம், வண்டி பேப்பர்களை எடுக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே ஏறினேன். ஜெபமாலை அறுந்து மணிகள் தரையில் கிடந்தன. அவற்றை மிதித்துக்கொண்டு குனிந்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு வயரை அதன் இடத்தில் செருகினேன். பிடுங்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் ஆனது.

அடுத்த நாள் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை வயலிலிருந்து ஏற்றி ஓட்டிப் பார்த்தார். பிரேக் நன்றாக இருந்தது. என்னையும் டிரைவரையும் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். டிரைவருக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நேர் ரோட்டில் ஆய்வாளர் மிதித்தார். வேகம் ஏறியது. மணி அடித்தது.

டிரைவர் நிமிர்ந்தார். மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் வரும் என்று நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அடிக்குதுங்களே" என்றார். "நல்லாத்தான் அடிக்குது. அப்போ எனக்குத்தான் கேக்கலீங்க, மொதலாளி."

அவர் பக்கம் திரும்பி, "போவுது, விடு" என்றேன்.

முதலாளி பொறுப்பாக எச்சரிக்கை மணியெல்லாம் வைத்திருக்கிறார், டிரைவர்தான் அலட்சியம் செய்திருக்கிறார் என்று முடிவாயிற்று. அந்த நாட்களில் மணி அடிக்கவே இல்லை என்று தெரிந்த கண்டக்டர் வேலைக்குப் பயந்து அதைச் சொல்லவில்லை, டிரைவரை அடித்த ஜனங்கள் சாட்சிக்கே வரவில்லை. கவர்னர் முத்திரையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு, மேட்டில் இழுக்கவில்லை என்று டிரைவர் சொல்லித்தான் அறுத்தேன் என்றேன். வேண்டாம் என்றவர் தலையிலேயே அதையும் வைத்தேன். கோர்ட்டில் அவர் எதையும் மறுக்கவில்லை. "மணி அடிச்சிருக்குங்க. நான் கேக்கல" என்று மட்டும் சொன்னார். ஜெயிலுக்குப் போனார். லைசென்ஸ் போயிற்று. நான் வக்கீல் வைத்தேன், அவர் வீட்டுக்கு அரிசி அனுப்பினேன். முதலாளி என்றால் இவர்தான் என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்த பிறகு அவர் மண்டியில் மூட்டைகளுக்குக் காவல் இருந்தார். யாராவது பேசினால் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுப்பார். தானும் உரக்கப் பேசுவார். தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பினார்கள். அவர் நம்பவில்லை. பொண்டாட்டி பிள்ளைகளும் அவரிடம் கத்திப் பேசப் பழகிக்கொண்டார்கள். ஒவ்வொரு வருஷமும் தவக்காலத்தில் அந்தப் பெண்ணின் சாவைச் சொல்லிப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வார் என்று அவர் மனைவி ஒருமுறை சொன்னார். என் பாவத்தை அவர் முழங்காலிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸை விற்றுவிட்டு வாத்தியாராகி, பிள்ளைகளுக்கு மின்சுற்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். வீட்டில் யாரும் இல்லை. எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"அந்த மணி வயர நாந்தான் புடுங்கி வச்சிருந்தேன்" என்றேன். வந்தது வெறும் முணுமுணுப்பு.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வலது காதைக் கையால் குவித்து என் பக்கம் சாய்த்தார். "சத்தமாச் சொல்லுங்க மொதலாளி. இந்தப் பாழாப் போன காது!"

அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் சத்தமாகக் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் காப்பி வேணுமான்னு கேட்டேன்."

"வேணாங்க, போதும்" என்று அவரும் சத்தமாகச் சொன்னார்.

அவர் இறந்து இப்போது இரண்டு வருஷம். அப்பாவுக்குக் காது கேட்காததால்தான் ஒரு உயிர் போனது என்று அவர் பிள்ளைகள் இன்றும் நம்புகிறார்கள். மகனின் காரிலிருந்து இறங்கி ரோட்டோரம் நின்ற அன்று, என் மகன் கேட்டான். "இவ்ளோ சத்தமாக் கத்த உங்களால முடியுமாப்பா?" முடியும். முடிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் கத்தவில்லை.

அவருடைய பிள்ளைகளுக்கு இதை எடுத்துப் போய்க் கொடுக்கப் போகிறேன். அவர்கள் என்ன செய்தாலும் சரி. மணி அடிக்கவில்லை. உங்கள் அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்டது.