நான் கொடுக்க முன்வந்த காரணம்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர் அவர்கட்கு,

வணக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன், மாசிப் பனி விலகி வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில், மன்னார்த் தீவிலுள்ள எங்கள் வீட்டில் ஆரம்பித்து, தெற்கே ஒரு பெரிய வைத்தியசாலையில் முடிந்த நிகழ்ச்சியொன்றை எழுதுகிறேன். முடிந்தது என்று எழுதிவிட்டேன். எனக்குள் அது இன்னும் முடியவில்லை. எவருடைய பெயரையும் நான் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் எங்கள் தெருவான இந்த ஒழுங்கையில் உள்ள அனைவருக்கும் ஆளைத் தெரிந்துவிடும்.

என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உப்பளத்தில் பாத்தி கட்டிக்கொண்டே, கையில் அகப்பட்ட பத்திரிகைகளையும் புத்தகங்களையும் வாசித்து எழுத்துத் தமிழைக் கற்றுக்கொண்டேன். காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள், தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்து பதிவு இல்லாமல் அலைபவர்கள், அரசாங்கக் கந்தோரில் பதில் கிடைக்காதவர்கள் என்று பலரும் விண்ணப்பம் எழுதுவிக்க என்னிடம் வருவார்கள். எவருடைய குறையையும் கால்மணி நேரத்தில் ஒரு பக்கத்தில் அடக்கிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

என் மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. நானாட்டான் பக்கத்தில் வயல் செய்கிறவர். அவர் பிறந்த கையோடு தாய் இறந்துபோனார். பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்த என் மனைவியின் மடியில்தான் அந்தக் குழந்தையைக் கிடத்தினார்களாம். நான் மணம் முடித்தபோது அவருக்கு ஒன்பது வயது. மணப்பெண்ணோடு அவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார். போர்க்காலத்தில் வள்ளம் ஏறி அக்கரைக்கு, தமிழ்நாட்டுக்குப் போனோம். எங்களுடன் அவரும் வந்தார். முகாமில் எங்களுக்குக் கிடைத்த ஒற்றை அறையைச் சேலை கட்டி இரண்டாகப் பிரித்தோம். சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் இருமினால் இந்தப் பக்கத்தில் என் மனைவி எழுந்து உட்காருவாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் கஞ்சி வைத்துத் தந்தாள். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் தானே கஞ்சி குடிக்காமல் இருந்தாள். இந்த வித்தியாசத்தை நான் முப்பது ஆண்டுகளாக மறக்கவில்லை என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அந்தத் தம்பி வளர்ந்து, மணம் முடித்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பின்னும் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் இடம் அவருக்கு இருந்தது. அவர் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் வருகிறார் என்று தொலைபேசியில் தெரிந்தால் போதும், என் மனைவி சொதிக்கு இரண்டு தேங்காய் துருவுவாள். எனக்கு வைக்கும் சொதிக்கு அரைத் தேங்காய். அவர் ஏதாவது பகிடி விட்டால் அவள் தலையைப் பின்னால் சாய்த்து, பல் முழுவதும் தெரியச் சிரிப்பாள். அதே பகிடியை நான் மறுநாள் சொல்லிப் பார்த்ததுண்டு. "ஓம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்ப்பாள்.

இந்த நிலையில்தான் மைத்துனரின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்று வைத்தியர்கள் கூறினர். வாரத்தில் மூன்று நாட்கள் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் அவரைப் படுக்கவைத்தார்கள். ஆறு மாதத்தில் அவருடைய முகம் கறுத்து, கால்கள் வீங்கி, உழவு இயந்திரத்தில் ஏறி உட்கார முடியாதவரானார். யாராவது உறவினர் ஒரு சிறுநீரகம் கொடுத்தால் மாற்றலாம் என்றார்கள். அவருடைய மனைவிக்கு நீரிழிவு; அவர் கொடுக்க இயலாது. என் மனைவி ஒரு சொல்லும் கேட்காமல் பேருந்து ஏறிப் போய்த் தன்னைச் சோதிக்கக் கொடுத்தாள். பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று முடிவு வந்தது.

கணவனுக்கு ஆட்சேபம் இல்லை என்று நான் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். அது ஒன்றுதான் மிச்சம்.

அன்பார்ந்த வாசகரே, ஊராருக்குக் கால்மணி நேரத்தில் கடிதம் எழுதும் நான், அந்தக் கடிதத்தைப் பதினொரு நாட்கள் எழுதவில்லை. முதலில் என் மனைவிக்கு இரத்தம் குறைவு என்றேன். பின்பு அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு என்றேன். பிறகு, இறைவன் கொடுத்த உடம்பை அறுப்பது முறையோ என்று யோசிப்பதாகச் சொன்னேன். மூன்றும் நல்ல காரணங்கள். மூன்றும் பொய். அவளுடைய உடம்பின் ஒரு பாகம் அவனுக்குள் போய் உயிரோடு இருக்கப் போகிறதே என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. முப்பத்தேழு ஆண்டுகள் அவளோடு வாழ்ந்தவன் நான். எனக்குக் கிடைக்காத ஒன்று அவனுக்குக் கிடைக்கப் போகிறது. மேலே "அவர்" என்று எழுதி வந்தேன். மனதுக்குள் அன்றைக்கு அவர் "அவன்" தான்.

பன்னிரண்டாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. நானே கொடுத்தால் என்ன? அப்போது அவளுடையது அவளிடமே இருக்கும். அத்தோடு அவள் என்னைப் பார்க்கும் பார்வையும் மாறும். எனக்கு அறுபத்திரண்டு வயதானாலும் நோய் எதுவும் இல்லை. இரத்த வகையும் ஒத்துப்போகும். நாங்கள் நானாட்டானுக்குப் போனோம். உறவினர் கூடியிருந்த விறாந்தையில், கதிரையை விட்டு எழுந்து நின்று, என் சிறுநீரகத்தைக் கொடுப்பதாக அறிவித்தேன். மைத்துனர் என் கைகளைப் பிடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். அவருடைய மனைவி அழுதார். என் மனைவி எழுந்து குசினிக்குள், அடுப்படிக்குப் போனாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவு எங்கள் வீட்டில் சொதி தண்ணீராக இருந்தது. அதன் பொருளையும் நான் விளங்கிக்கொள்ளவில்லை.

பல வாரங்கள் பரிசோதனைகள் நடந்தன. ஒழுங்கையில் எனக்குத் தனி மரியாதை உண்டாயிற்று. கடையில் முதலில் எனக்குத் தேநீர் வந்தது. தெய்வம் மனித உருவில் வரும் என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

கடைசியில், கொடுப்பவரைத் தனியே விசாரிக்கும் நாள் வந்தது. எவரும் வற்புறுத்தவில்லை, ஏமாற்றவில்லை என்று உறுதிசெய்யும் விசாரணை அது. மூவரும் பேருந்தில் பயணம் செய்து அந்த வைத்தியசாலையை அடைந்தோம். மனைவியும் மைத்துனரும் வெளியே வாங்குப் பலகையில் இருக்க, நான் உள்ளே போனேன். நடுவயது வைத்தியர் அம்மா ஒருவர், சிங்களவர், மேசைக்குப் பின்னால் இருந்தார். மொழிபெயர்ப்பதற்கு யாழ்ப்பாணப் பக்கத்துத் தாதி ஒருவர் அருகில் இருந்தார். ஏன் கொடுக்க விரும்புகிறீர்கள் என்பதே முதற் கேள்வி.

நான் அதற்கு ஆயத்தமாகவே வந்திருந்தேன். எழுந்து நின்று, எழுதி மனனம் செய்திருந்ததைச் சொன்னேன்: "உடன்பிறவாச் சகோதரனின் இன்னுயிர் காக்கும் பொருட்டும், ஈகையெனும் பேரறத்தின்பாற் கொண்ட ஈடுபாட்டினாலும், எனது அவயவத்தினை உவந்தளிக்கச் சித்தமாயுள்ளேன்."

தாதி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. இதை நான் எப்பிடிச் சிங்களத்தில சொல்லுறது? எனக்கே பாதி விளங்கேல்ல. வீட்டில கதைக்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

வீட்டில் கதைக்கிற மாதிரி. ஐயா, என் வாழ்நாளில் அவ்வளவு கடினமான வேலையை எவரும் எனக்குத் தரவில்லை. அவன் என்ர மச்சான், பாவம், அதாலதான் என்று தொடங்கினேன். மனைவி கேட்டாரா என்று வைத்தியர் வினவினார். இல்லை என்றேன். மைத்துனர் கேட்டாரா? அதுவும் இல்லை. உங்கள் மனைவியின் பொருத்தம் உங்களுடையதிலும் சிறந்தது, அவர் விருப்பத்தோடு வந்தவர், அப்படியிருக்க ஏன் நீங்கள்? அதற்கு வீட்டுத் தமிழில் தேடினேன். பேரறமும் ஈகையும் அங்கே இல்லை. இருந்தது ஒன்றுதான். அது என் வாயிலிருந்து தானாக வந்தது.

"அவளின்ர ஒண்டும் அவனுக்குப் போகக் கூடாது."

தாதி தலையைக் குனிந்துகொண்டார். மெதுவாக என்னிடம் கேட்டார்.

"இதைச் சொல்லட்டோ, ஐயா?"

"சொல்லுங்கோ பிள்ளை," என்றேன்.

சிங்களத்தில் அது மிகச் சிறிய வசனமாக இருந்தது. வைத்தியர் அம்மா சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசினார். தாதி அதை எனக்குச் சொன்னார். வெளியே போய் மனைவியோடு கதையுங்கள், மத்தியானத்துக்குப் பின் திரும்பி வாருங்கள். கொடுக்காமல் விடுவதாக இருந்தால் அதற்கான காரணம் இந்த அறையை விட்டு வெளியே போகாது. உடல்நிலை இடம் தரவில்லை என்று மட்டும் மற்றவர்களுக்குச் சொல்வோம்.

மைத்துனர் களைப்பில் வாங்கில் உறங்கிப்போயிருந்தார். நானும் மனைவியும் உணவுச்சாலையில் ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்து எதிரெதிரே இருந்தோம். உள்ளே சொன்னதை அவளுக்கும் சொன்னேன். எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பருப்பையும் சோற்றையும் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "நீங்கள் விறாந்தையில எழும்பி நிண்ட நேரமே தெரியும். அண்டையிலயிருந்து எனக்கும் உங்களில எரிச்சல்தான்."

"என்னத்துக்கு?"

"அம்மா செத்த அண்டைக்கு அவனை என்ர மடியிலதான் போட்டவை. இவ்வளவு காலமும் அவனுக்கு நான்தான் குடுத்தனான். கடைசியாக் குடுக்கக் கிடைச்ச ஒண்டையும் நாலு சனத்துக்கு முன்னால நீங்கள் பறிச்சுப்போட்டீங்கள். எல்லாரும் உங்களைக் கும்பிடுகினம். நான் என்னெண்டு வேண்டாம் எண்டு சொல்லுறது?"

நான் பார்சல் தாளின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினேன்.

"கிட்னி குடுக்கிறதுக்கும் உங்களுக்கு ஒரு போட்டி வேணும் என்ன," என்று சொல்லிவிட்டு, பொரித்த மீனில் பெரிய துண்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அவளுடைய விருப்பத்தை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் கையொப்பம் இடாமல் தடுத்தேன். பின்பு தடுக்க வழியில்லாதபோது, அவள் கொடுக்க இருந்ததை நானே கொடுப்பதாகச் சொல்லித் தடுத்தேன். ஊர் இரண்டாவதை மட்டும் கண்டது, தியாகம் என்றது.

மத்தியானத்துக்குப் பின் உள்ளே போய், "அவ குடுக்கட்டும்," என்றேன். ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தை அங்கேயே, தாதியின் பேனையை வாங்கி, மூன்று வரியில் எழுதினேன். வைத்தியர் அம்மா தம் வாக்கைக் காப்பாற்றினார். ஐயாவின் உடல்நிலை பொருந்தி வரவில்லை, அக்காவினுடையதே நல்லது என்று மைத்துனரிடம் சொல்லப்பட்டது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரவாயில்லை அத்தான். தர மனம் வந்ததே, அது காணும் எனக்கு."

உண்மையைச் சொல்வதற்கு அதுவே நேரம். நான் தலையை அசைத்துக்கொண்டு நின்றேன்.

சத்திரசிகிச்சை இரண்டு மாதங்களின் பின் நடந்தது. மயக்கம் தெளிந்த என் மனைவி என்னைக் கண்டதும் என்ன கேட்டாள் தெரியுமா? "தம்பிக்குச் சலம் போச்சோ?" மாற்றிய சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பதற்கு அதுதான் அடையாளமாம். நான் மைத்துனர் இருந்த நோயாளர் விடுதிக்கு நடந்து போய் விசாரித்து, திரும்பி வந்து, போய்விட்டதாம் என்று அறிவித்தேன். அவள் வலியோடு தலையைச் சாய்த்து, பல் முழுவதும் தெரியச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தாள். ஆனால் அது யாருக்கான சிரிப்பு என்பது எனக்குத் தெரியும்.

இன்று மைத்துனர் மறுபடியும் வயல் செய்கிறார். நாள்தோறும் காலையில் தொலைபேசியில் அக்காவும் தம்பியும் எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். ஒரு சோடியை ஆளுக்கொன்றாக வைத்திருப்பவர்கள் வேறெதைப் பேசுவார்கள்? நான் பக்கத்தில் இருந்து பத்திரிகை வாசிப்பதுபோல இருப்பேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் இந்தக் கடிதமும் இன்னொரு விண்ணப்பம் ஆகிவிடும். அது போகவில்லை. அதை வைத்துக்கொண்டு எவருடைய வழியிலும் குறுக்கே நிற்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று என்னை அறுக்கிறது. திருக்கேதீஸ்வரத் திருவிழாவிலோ, யாராவது உறவினர் வீட்டிலோ மைத்துனர் என்னைக் கண்டால், பக்கத்தில் நிற்பவர்களிடம், "அத்தான் தானாத் தர வந்தவர், உடம்பு விடேல்ல," என்று சொல்லாமல் விடுவதில்லை. கேட்பவர்கள் என்னை மரியாதையோடு பார்க்கிறார்கள். நான்கு ஆண்டுகளாக நான் அதை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் என் கண்களை, இறந்த பின் எடுத்துக்கொள்ளும்படி பதிவு செய்தேன். அவை யாருக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாது. ஆகவே இம்முறை பொறாமைப்பட ஆளில்லை. சாட்சிக் கையொப்பம் இட்ட என் மனைவி படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கட கண்ணோ? வாங்கிறவர் பாவம், அது ஆரையும் நல்லா இருக்க விடாது," என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

கொடுக்க எழுந்து நின்றவன் தடுக்கவே எழுந்தான், பேசாமல் சோற்றைப் பிசைந்தவளே கொடுத்தவள் என்பதை மைத்துனரிடம் என் வாயால் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. அது வருமுன் நான் போய்விடக்கூடும் என்பதால், ஐயா, இந்தக் கடிதத்தை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.